கறுப்புக் கோட்டில் நீலக் கை

என் மூத்த பேத்திக்குப் பாட்டி எழுதுவது. நீ சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். என் சங்கதியைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் சித்தப்பா மகன், அதுதான் நம் நெட்டையன், விமானம் பழுது பார்க்கிற படிப்பில் தேறிவிட்டான். ஒரு பரீட்சையில்கூடத் தவறவில்லை. இனிமேல் ஆகாயத்தில் போகிற எதுவும் அவன் கைபடாமல் போகாது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் தங்கை நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். தங்கம் வாங்கின பெண் இவளைவிட ஒரு சாண் உயரமாம், அதனால் நம் கணக்கில் இதுவும் தங்கம்தான். உன் தம்பிக்கு, நம் வீட்டு வானொலிக்கு, பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. அவன் வாயை மூட நாம் பட்ட பாடு என்ன, இப்போது திறந்ததற்குக் கோப்பை கொடுக்கிறார்கள். அப்புறம் நீ. வீடு வீடாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் எந்த விளக்கை எங்கே வைப்பது என்று சொல்கிற உத்தியோகம். விளக்கு வைக்கவும் ஒரு படிப்பா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். நாலு வருஷப் படிப்பு, உங்கள் பையனால் முடியுமா என்று கேட்டேன். சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

ஐந்தாவதோடு நின்றவள் நான். பெருமை பேசுவதும் தைப்பதும்தான் எனக்குத் தெரிந்த வேலை. இரண்டும் சேர்ந்து இப்போது என் தலையைக் குனிய வைத்துவிட்டன.

நீ என்னோடு பேசுவதில்லை. போன் வந்தால் அம்மாகிட்ட குடு என்கிறாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், உன் குரல் எனக்கும் கேட்கும். வைத்த பிறகு, அவளுக்கு வேலை ஜாஸ்தி அத்தை என்று உன் அம்மா எனக்காக ஒரு பொய் சொல்வாள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பிரித்த பிறகு அம்மாவிடம் கொடு என்று சொல்ல முடியாதல்லவா.

போன வருஷம் நீ மூன்று விளக்கு அனுப்பினாய். கழுத்தை வளைத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்புகிற விளக்கு. போனிலேயே பாடம் நடத்தினாய். ஒன்று தையல் மிஷினுக்கு இடது பக்கம், ஏனென்றால் எனக்கு வலது கைப் பழக்கம். பல்பு கண்ணில் அடிக்காமல் துணிமேல் விழுகிற மாதிரி தாழ்த்தி வைக்க வேண்டும். மேலே இருக்கும் டியூப் லைட்டையும் அணைக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஓரிடம் பளிச்சென்று, சுற்றிலும் இருட்டாக இருந்து கண் களைத்துப்போகும். இன்னொன்று சமையலறையில் நறுக்குகிற மேடைக்கு மேலே, அலமாரித் தட்டுக்கு அடியில். மூன்றாவது என் கட்டில் தலைமாட்டில், படிக்க. டியூப் லைட் உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கு பாட்டி, நீ துணியைத் தைக்கல, உன் நிழலைத் தைக்கற என்றாய். எல்லாவற்றுக்கும் ஆகட்டும் ஆகட்டும் என்றேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா. மூன்றையும் ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக நிறுத்தினேன். யாராவது வந்தால் சுவிட்சைப் போட்டுக் காட்டுவேன். பேத்தி அனுப்பியது என்பேன். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உன் அம்மா ஒரு நாள், சமையலுக்கு ஒண்ணை எடுத்துக்கட்டுமா அத்தை, நறுக்கறப்ப சரியாத் தெரியல என்று கேட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும், வேண்டாம் என்றேன். என் மிஷினுக்கு வைக்காததற்குக் காரணம் வேறு. விளக்கை வைத்துக்கொண்டு தைத்தால், கிழவிக்குக் கண் போய்விட்டது என்று நாலு பேர் சொல்வார்கள். கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவள் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே. இப்போதெல்லாம் நூல் கோத்துத் தருவது உன் தம்பி. அதற்கு அவனுக்கு மிட்டாய்.

மேலத் தெருப் பாட்டு டீச்சர் தன் பிள்ளைகளுக்குக் கறுப்புக் கோட்டு தைக்கச் சொன்னார். அவர்களுக்கு முதல் மேடை. அதே வாரம் மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக் கருநீலக் கோட்டு. உன் அம்மாதான் வெட்டினாள். கறுப்பு இது, நீலம் அது அத்தை, கலந்துடாதீங்க என்று இரண்டு மூட்டையாகக் கட்டி வைத்தாள். எனக்கா சொல்கிறாய் என்றேன். பிறகு மேசையில் இடம் போதாமல் இரண்டையும் அவிழ்த்து ஒரே மடியில் போட்டுக்கொண்டு தைத்தேன். வெளியே மூடின மேகம். என் தலையின் நிழல் துணிமேல். கறுப்பும் கறுப்பாகத் தெரிந்தது, நீலமும் கறுப்பாகத் தெரிந்தது.

மேடையில் பெரிய விளக்குகளைப் போட்டார்கள் பார், அப்போது தெரிந்தது. முன்வரிசையில் நின்ற சின்னப் பெண்ணின் கோட்டில் ஒரு கை கறுப்பு, ஒரு கை நீலம். சபையில் யாரோ சிரித்தார்கள். அந்தக் குழந்தை நீலக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே கடைசிவரை பாடியது. கை தட்டியபோதும் அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை.

முடிந்ததும் டீச்சர் வந்து, என்னம்மா இப்படி ஆயிடுச்சு என்று மெதுவாகத்தான் கேட்டார். சுற்றிலும் தாய்மார்கள். உன் அம்மா என் பக்கத்தில் நின்றாள். என் வாய் என்ன சொல்லியது தெரியுமா. வெட்டினவ இவ, இவளுக்குப் புத்தி ஒரு இடத்துல நிக்காது, வீட்டுலயும் இப்படித்தான், கையை வெட்டிக்காம ஒரு நாள் சமைக்க மாட்டா என்றேன். நாலு பேர் உன் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் அந்தக் கோட்டை வாங்கி மடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இதைத்தான் வானொலி உனக்கு ஒலிபரப்பியிருக்கிறான். அவன் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லியிருக்க மாட்டான், கூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அவனுக்குத் தெரியாதது மறுநாள் நடந்தது. மத்தியானம், நல்ல மழை. உன் அம்மா கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு விளக்கை எடுத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறையைக் கிழித்தாள், மிஷினுக்கு இடது பக்கம் வைத்துக் கழுத்தை வளைத்தாள். தையலைப் பிரிக்க உட்கார்ந்தவள், கொஞ்சம் வாங்க அத்தை என்று கூப்பிட்டாள். கோட்டின் இரண்டு கையையும் வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினாள். நீலம் நீலமாக இருந்தது. நான் தைத்த தையல் எறும்பு ஊர்ந்த மாதிரிக் கோணலாகப் போயிருந்தது. அதைவிட, துணியைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். இடது ஆள்காட்டி விரலில் வெட்டு, அதற்குப் பக்கத்தில் ஆறின வெட்டு, கட்டை விரலில் ஒன்று. கவனக்குறைவு என்று இத்தனை நாள் ஏசினேன். சமையலறை மேடையில் அவளும் தன் நிழலில்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள். விளக்கு கண்ணாடிக்குள் இருந்தது.

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவ்வளவு பேருக்கு நடுவுல உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னா, நாளைக்கு உங்களை நம்பி யார் துணி குடுப்பா அத்தை என்றாள். தலையை நிமிர்த்தாமல் பிரித்துக்கொண்டே சொன்னாள். 

இப்போது ஒரு விளக்கு சமையலறையில் தட்டுக்கு அடியில் இருக்கிறது. நானே உன் அப்பாவை நிற்க வைத்து மாட்டச் சொன்னேன். பாட்டிக்கு நல்ல பல்பு என்று உன் தம்பி சிரித்தான், சிரிக்கட்டும். ஆனால் டீச்சர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல மட்டும் கால் வரவில்லை. இரண்டு தடவை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பித் தெருமுனையிலிருந்து திரும்பிவிட்டேன். அதைச் செய்யாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு அருகதை இல்லை. மூடி வைக்கிறேன்.

போய்விட்டு வந்தேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது, அதனால்தான் இங்கிருந்து பென்சில். பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது, அதே தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். அது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். என் மருமகள் சரியாகத்தான் வெட்டினாள், எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, தப்பு என்னுடையது, பழியை அவள்மேல் போட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அந்தச் சின்னப் பெண்ணிடமும் தனியாகச் சொன்னேன். அது டீச்சரின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அடுத்த நிகழ்ச்சிக்குத் துணி யாரிடம் என்று யோசித்துச் சொல்கிறேன் என்றார் டீச்சர். யோசிக்கட்டும். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். இந்த வெயில்ல எதுக்கு நடந்தீங்க என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை.

மூன்றாவது விளக்கு என் தலைமாட்டில். நீ வேலையில் சேர்ந்தபோது அனுப்பிய படத்தை அதன் கீழே வைத்துப் பார்த்தேன். கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி, சொந்தச் சம்பாத்தியம் என்று ஊரெல்லாம் காட்டியிருக்கிறேன். அது உன் ஆபீஸ் அட்டை தொங்குகிற நாடா. ஒருவரும் திருத்தவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறாய், முகமெல்லாம் நிழல். எனக்கு வெளிச்சம் சொல்லிக்கொடுத்தவள் நீ, நீயே இப்படி நிற்கலாமா. அந்த நிழலுக்குள் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. சிரிக்கிறாய் என்று நினைத்திருந்தேன். சிரிக்கவில்லை. இத்தனை நாள் அந்தப் படத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உன் முகத்தையே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு. நீ எந்த வீட்டில் விளக்கு வைத்தாலும் அந்த வீட்டார் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்க்கட்டும். போனில் பேசு என்று நான் கேட்கவில்லை. ஒரு புதுப் படம் மட்டும் அனுப்பு. உன் தம்பியின் போனுக்கு வேண்டாம், கையில் பிடிக்கிற மாதிரி தபாலில் அனுப்பு. ஜன்னலைப் பார்த்து நில், வெளிச்சம் முகத்தில் விழட்டும். எனக்காகச் சிரிக்க வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தோடே நில், பாட்டிக்கு இப்போது தெரியும்.

உன் அம்மாவுக்கு மாமியார்,
உனக்குப் பாட்டி