நிர்வாகத்தின் கவனத்துக்கு வராத கர்ப்பம்

அனுப்புநர்:
ஜா. ஆன்லின்,
க/பெ. ஜான்பீட்டர்,
கோட்டுச்சேரி,
காரைக்கால்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
காரைக்கால்.

பொருள்: கர்ப்பமாக இருப்பது தெரிந்தே வேலையிலிருந்து நிறுத்தியது – பிரசவத்துக்கான காப்பீடு இல்லாமல் போனது – பிரசவத்துக்கு முன் விசாரித்து, பணியாளர் பட்டியலில் மீண்டும் சேர்க்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நிறுவனத்தின் பதில் கடிதம், நாள் 09.04.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு இப்போது எட்டாம் மாதம். நெடுநேரம் உட்காரக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆகையால் இந்த மனுவைப் படுத்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

1. கீழவாஞ்சூரில் துறைமுகச் சரக்கை ஏற்றி இறக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் (பெயர், முகவரி தனித்தாளில்) எடைமேடைப் பிரிவில் வேலை பார்த்துவந்தேன். நிலக்கரி லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. சென்ற வருடம் சம்பளம் கூடியதும், ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டேன் என்று சொல்லிக் கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தார்கள். பிரசவச் செலவும் அதில் அடக்கம். அன்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

2. கல்யாணமான வருடமே எனக்கு ஒரு கரு தங்கியது. சந்தோஷம் தாங்காமல் ஊரெல்லாம் சொன்னோம். மூன்றாம் மாதம் நிறையுமுன் கலைந்துவிட்டது. விசாரிக்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் பாதி ஆளாகிப்போனேன். ஆகவே இந்த ஜனவரியில் மறுபடி நாள் தள்ளியபோது, மூன்று மாதம் நிறையும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று என் மாமியார் ஞானமேரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்களுக்காக ஜெபியுங்கள் என்று பங்குச் சாமியாரிடம்கூடக் கேட்கவில்லை. இது தாங்கள் அறியாத வழக்கமல்ல.

3. நான் சொல்லாவிட்டாலும் மசக்கை சொல்லிவிட்டது. நிலக்கரித் தூசியும் டீசல் வாடையும் சேர்ந்து குடலைப் பிடுங்கும். அடிக்கடி குழாயடிக்கு ஓடுவேன். எங்கள் மேலாளர் திரு. வைத்தியலிங்கம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் என் நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து உள்ளே ஏ.சி. அறைக்கு மாற்றச் சொன்னார். டிரைவர்கள் பீடியோடு என் பக்கம் வந்தால் சத்தம் போட்டார். ஒரு நாள் காலையில் ஒரு எவர்சில்வர் சம்புடத்தை என் மேசைமேல் வைத்து, என் முகத்தைப் பார்க்காமலே, “வீட்ல குடுத்து விட்டாங்க. வாய்க்கு நல்லா இருக்குமாம், சாப்பிடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். திறந்தால் உப்பு நார்த்தங்காய். பல நாளைக்குப் பிறகு அன்று மதியம்தான் சாப்பிட்ட சோறு வயிற்றில் தங்கியது. அவர் மனைவி பங்கஜவல்லி அம்மாவை நான் நேரில் பார்த்ததே இல்லை. அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

4. நார்த்தங்காய் தீருமுன் வேலை தீர்ந்தது. கப்பல் வரத்து குறைந்துவிட்டதாகச் சொல்லி, பிப்ரவரிக் கடைசியில் மூன்று பேரை நிறுத்தினார்கள். அதில் நானும் ஒருத்தி. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இன்றும் அங்கே வேலை பார்க்கிறார்கள். என்னை வைத்திருந்தால் பிரசவ விடுப்பும் அந்த மாதங்களின் சம்பளமும் கம்பெனி தலையில் விழும் என்பதைத் தவிர, அவர்களுக்கும் எனக்கும் வேறு வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வேலை போன அன்றே குழுக் காப்பீடும் போய்விட்டது.

5. வேறு காப்பீடு தேடினோம். என் பிறந்த வீடு வாஞ்சூர் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறது. கல்யாணமானதும் அங்கே ரேஷன் கார்டில் பெயரை நீக்கினோம், இங்கே புதுச்சேரிக் கார்டில் சேர்க்கவில்லை. கம்பெனிக் காப்பீடு இருக்கிறதே என்ற தெம்பில் நாங்கள் காட்டிய அலட்சியம் அது. ஆக, அரசுக் காப்பீடு கேட்கப் போனால் நான் அந்தப் பக்கத்துக்காரியும் இல்லை, இந்தப் பக்கத்துக்காரியும் இல்லை. இப்போது விண்ணப்பித்திருக்கிறோம். அது அதன் நேரத்தில் வரும். குழந்தை அதன் நேரத்தில் வரும்.

6. தனியார் காப்பீடு எடுக்க உத்திராபதி என்ற ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதை ஒளிக்காமல் சொன்னார். வேறு ஆஸ்பத்திரிச் செலவுக்காவது உதவட்டும் என்று எடுக்க முடிவு செய்தோம். கூடத்தில் பக்கத்து வீட்டார் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், “விசேஷம் ஏதாச்சும் உண்டாங்க?” என்று கேட்டார். அப்போது மூன்று மாதம் நிறையவில்லை. நான் வாயெடுக்குமுன் அடுப்படியிலிருந்து என் மாமியார், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, ஆண்டவரு இன்னும் கண்ணு தொறக்கல” என்றார். ஏஜென்ட் படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் மாதம் இரத்தம் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, கர்ப்பத்தை மறைத்ததாகச் சொல்லி அந்தக் காப்பீட்டை ரத்து செய்தார்கள். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பொய் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது.

7. என் புகார் வேறு. மூன்று மாதம் நிறைந்ததும் டாக்டர் சான்றிதழோடு கம்பெனிக்கு எழுதினேன். “பணிநிறுத்தத்தின்போது தாங்கள் கருவுற்றிருந்த விவரம் நிர்வாகத்தின் கவனத்துக்கு வரவில்லை” என்று பதில் வந்தது. கீழே திரு. வைத்தியலிங்கத்தின் கையொப்பம். அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை மனுவில் எழுதுவது முறையல்ல. ஏன் சொல்லவில்லை என்கிறது ஒரு கம்பெனி. ஏன் மறைத்தாய் என்கிறது இன்னொரு கம்பெனி. காப்பீட்டுக்காரருக்கு உண்மையிலேயே தெரியாது. இவருக்குத் தெரியும், ஐயா.

8. நஞ்சுக்கொடி இறங்கி வந்து கர்ப்பப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். இரத்தமும், பச்சைக்குழந்தைக்குத் தீவிர சிகிச்சையும் கையோடு இருக்கும் இடத்தில் முன்கூட்டியே சேர்ந்துவிடச் சொல்கிறார்கள். அவ்வளவு வசதியுள்ள அரசு ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போனால் வழியிலேயே இரத்தம் போகலாம் என்பதால் பக்கத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டோம். காப்பீடு உண்டா என்பதே அங்கே முதல் கேள்வி. என் கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். டாக்டர் அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்கள். அவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் சாப்பிட்ட தட்டை அவரே கழுவுகிறார். நான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டிலும் இதெல்லாம் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

9. எனவே, மேலாளர் திரு. வைத்தியலிங்கத்தை நேரில் அழைத்து விசாரிக்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். பங்கஜவல்லி அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். செய்த நல்லதுக்காக அவரைப் புருஷனுக்கு எதிரே நிறுத்த எனக்கு மனமில்லை. இத்துடன் கொடுத்திருக்கும் சம்புடத்தை மேலாளர் முன் மேசைமேல் வைத்து, இது யார் வீட்டுப் பாத்திரம், எதற்காக என் மேசைக்கு வந்தது என்று மட்டும் கேளுங்கள். மூடியில் ‘வை. பங்கஜவல்லி’ என்று பெயர் வெட்டியிருக்கிறது. மேலாளர் உண்மையைச் சொன்னால், பிரசவம் முடியும்வரையாவது என் பெயரைப் பணியாளர் பட்டியலில் திரும்பச் சேர்த்து, காப்பீடு கிடைக்க உத்தரவிட வேண்டுகிறேன். ஆபரேஷன் இந்த மாதக் கடைசியில். அதற்குப் பிறகு வரும் உத்தரவால் எனக்குப் பயன் இருக்காது.

விசாரணை முடிந்ததும் சம்புடத்தை அந்த அம்மாவிடம் சேர்த்துவிடவும். கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. குழந்தை பிறந்ததும் சர்க்கரை போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். முடியுமா என்று தெரியவில்லை. அதனால் சர்க்கரையை இப்போதே போட்டு அனுப்பியிருக்கிறேன்.

இடம்: கோட்டுச்சேரி
நாள்: 04.08.2025

தங்கள் உத்தரவுக்காகக் காத்துப் படுத்திருக்கும்,
ஜா. ஆன்லின்

இணைப்பு:
பணிநிறுத்தக் கடிதம், நகல்
நிறுவனத்தின் பதில் கடிதம், நகல்
ஸ்கேன் அறிக்கை, நகல்
எவர்சில்வர் சம்புடம் ஒன்று, மூடியுடன்