அன்னாசி வரவில்லை, நானா

என் அருமை ஹனீபா நானாவுக்கு,

முந்தாநாள் கலேவெலைக்குப் போயிருந்தேன். நீங்கள் இல்லாத முதல் நோன்பு இது. வீட்டுக்குப் பின்னால் நீங்கள் கட்டிய தகரக் கூரை அறையில் மறுபடியும் அடுப்பு எரிந்தது. எரியவிட்டது உங்கள் மகள் ரிஸ்னா.

அதற்கு முந்தைய நாளே எனக்குப் போன் எடுத்திருந்தாள். "சாச்சா, நாளைக்குப் பகல் வரேலுமா? வாப்பாட டொபி காய்ச்சப் போறன். மென்டு பார்த்துச் சொல்ல ஆளில்ல."

தம்புள்ளையில் உங்களிடம் சரக்கு எடுத்த கடைக்காரர், பழைய ருசி வந்தால் பெருநாளைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் ரிஸ்னா வீட்டு வேலைக்குக் கட்டார் போக வேண்டும். ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்டு இரண்டு தடவை வந்துவிட்டாராம். "இது சரி வந்தா உம்மாவோட நிப்பன் சாச்சா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் டொபியை, அந்தப் பழ மிட்டாயை, வாயில் போட்டதும் மாம்பழம் மட்டும்தான் தெரியும். இருபது தடவையாவது மென்று, ஊறியதை விழுங்கிய பிறகுதான் அன்னாசி மேலே வரும். வந்தால் சரி. வராவிட்டால், தாச்சிச் சட்டி சூடாக இருக்கும்போதே இன்னொரு அகப்பை அன்னாசிச் சாறு சேர்க்க வேண்டும். தட்டில் ஊற்றி இறுகிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

நோன்போடு சமைப்பவர்கள் நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம். உப்பும் புளிப்பும் அதில் தெரிந்துவிடும். உங்கள் அன்னாசி அப்படித் தெரியாது. காலையில் வந்திறங்கும் பழத்தை மாலைவரை வைத்திருக்கவும் முடியாது. அதனால்தான் நோன்பு மாதம் முழுக்க, நோன்பில்லாத என்னை மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தீர்கள்.

"நோன்பு திறந்த நாக்க நம்பேலாது தம்பி, அதுக்குப் பச்சத் தண்ணியும் தேன்தான்" என்பீர்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விட்டு, அது கெட்டியானதும் எடுத்து என் கையில் வைப்பீர்கள். "பேப்பர்ல எழுதுற மாதிரி இல்லாம, இதையாவது உள்ளபடி சொல்லுங்க."

மதினி அன்னாசி சீவியபடியே சிரிப்பார். "அவர் வாய்க்கு ஒரு மாசமாவது ஹலாலான வேலை குடுத்தீங்களே."

பதினொரு வருடம் உள்ளபடிதான் சொன்னேன். பன்னிரண்டாவது வருடம் சொல்லவில்லை.

அந்த நோன்புக்கு ஒரு மாதம் முன்பு எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் போய்விட்டது, வாசனை திரும்பவில்லை. நாக்கில் இனிப்பும் புளிப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சின. கோப்பிக்கும் சுடுதண்ணீருக்கும் கசப்பு ஒன்றுதான் வித்தியாசம். வந்துவிடும் என்றார் டொக்டர். அதை நம்பி உங்களிடம் சொல்லாமல் விட்டேன்.

அது மட்டும்தான் காரணமா? பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, அந்த ஒரு மாதம்தான் யாரோ எனக்காக அடுப்பைத் தணித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் எனக்கென்று நீங்கள் போட்ட நாற்காலியை இழக்க நான் தயாராக இல்லை.

அன்று நீங்கள் தந்ததை மென்றேன். இருபது, முப்பது, நாற்பது தடவை. இனித்தது, லேசாகப் புளித்தது. "சரி, நானா" என்றேன். நீங்கள் "அல்ஹம்துலில்லாஹ்" சொல்லித் தாச்சியைச் சரித்தீர்கள். மாதம் முழுக்க அப்படியே நடந்தது.

பெருநாளுக்கு முன்பே பெட்டிகள் திரும்பி வந்தன. தம்புள்ளைக் கடைக்காரர் என்னிடமே சொன்னார்: "மாம்பழம் இருக்கு மாத்தயா, அன்னாசி செத்துப் போச்சு." அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். நீங்கள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. "தம்பி சரின்னு சொன்னா அது சரிதான். அதுக்குப் பொறகு எண்ட கைதான் என்னமோ செஞ்சிட்டு" என்றீர்கள். அடுத்த நோன்புக்கு அடுப்பை மூட்டவில்லை. கைப்பக்குவம் போய்விட்டது என்று எல்லாரிடமும் நீங்களே சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் ரிஸ்னா அந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சொட்டு விட்டு, எடுத்து, என் கையில் வைத்தாள். மென்றேன். வாசனை வந்துவிட்டதோ என்று ஒரு ஆசை இருந்தது. இனிப்பு. புளிப்பு. வேறொன்றும் இல்லை.

"வந்திச்சா சாச்சா?"

"தெரியல்ல மகள்."

"இன்னும் கொஞ்சம் மெல்லுங்க."

"மென்டாலும் தெரியாது. எனக்கு வாசம் போயிட்டு. கொரோனா வந்ததுல இருந்து."

அவள் அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றாள். உங்கள் மகள் அல்லவா, வருடங்களைக் கூட்டிப் பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை. "அப்ப, வாப்பா கடைசியாக் காய்ச்சினப்போ?"

"அப்பவும்தான்."

"அப்பவும் சரின்னுதானே சொன்னீங்க?"

மதினி கத்தியைக் கீழே வைத்தார்.

"வாப்பா மவுத்தாகுற வரைக்கும் தண்ட கையத்தான் ஏசினாரு சாச்சா" என்றாள் ரிஸ்னா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கேஸ் அடுப்பை நிறுத்தினாள். பாகு தாச்சியிலேயே இறுகியது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடலாமே என்றேன், வெட்கமில்லாமல். "வாப்பா நம்பின நாக்கே இப்பிடின்னா, வேற யார்ட நாக்க நான் நம்புற?" என்றாள். மதினி மட்டும் பஸ் நிறுத்தம் வரை வந்தார். ஏசவில்லை. "வெயிலா இருக்கு, குடையக் கொண்டு போங்க தம்பி" என்று தன் குடையை நீட்டினார். அதை வாங்க எனக்குக் கை வரவில்லை.

இன்று காலையில் அவரே போன் எடுத்தார். ரிஸ்னா பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டாளாம்.

நானா, இத்தனை வருடத்தில் என் செய்திகளில் நேர்ந்த பிழைகளுக்கெல்லாம் திருத்தம் போட்டிருக்கிறேன். ஊர்ப் பெயர் மாறினால்கூட மறுநாள் போட்டேன். உங்களுக்குப் போட வேண்டியதைப் போட, நீங்கள் போய்ச் சேரும்வரை காத்திருந்தேன். மன்னிப்பு கேட்பதென்றால் அதைத் தரக்கூடியவர் இருக்க வேண்டும். அதனால் கேட்கவில்லை.

வாக்கு ஒன்று மட்டும் தருகிறேன். கலேவெலையிலும் தம்புள்ளையிலும் உங்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிய கடைகள் எல்லாவற்றுக்கும் நடந்துபோய், ஹனீபா நானாவின் கையில் பிழை இருக்கவில்லை, பொய் என் வாயில்தான் இருந்தது என்று சொல்லுவேன். அதனால் ரிஸ்னாவின் பயணம் நிற்காது. தெரிந்தும்தான் போகிறேன்.

நீங்கள் நம்பிய,
உங்கள் தம்பி