அலமாரியில் குடியேறியவர்கள்

பிப்ரவரி 4
மனைவி இறந்த பிறகு நான் மூடி வைத்த அறையிலிருந்து ஒரு ரீங்காரம். குளிர்பதனப் பெட்டி என்று நினைத்தேன். அது சமையலறையில் இருக்கிறது.

பிப்ரவரி 5
திறந்து பார்த்தேன். ஜன்னலின் உடைந்த மூலை வழியாக வந்து, அவளுடைய துணி அலமாரியின் மேல்தட்டில் தேனீக்கள் கூடு கட்டியிருக்கின்றன. ஐந்தாறு அடைகள். இந்த வீட்டில் யாராவது உழைக்கிறார்களே. மறுபடி சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 7
வீட்டுக்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கூடு போகாவிட்டால் மருந்தடிக்க ஆள் வரும் என்றார். துக்கம் விசாரித்தபோதும் இதே குரல்தான். அவரிடம் இருப்பது ஒன்றுதான் போலிருக்கிறது. சரி என்றேன். இப்போதெல்லாம் எதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மைத்துனிக்கு இருந்தது. "அக்கா அலமாரிக்குள்ள விஷம் அடிக்க விடுவீங்களா, அத்தான்?" என்றாள் போனில். அவள் வாதத்தில் தேனீக்கள் வரவே இல்லை. தேனீ பிடிக்கும் ஆள் அனுப்புகிறாளாம்.

பிப்ரவரி 9
வந்தவர் ஒரு பெண். வார நாட்களில் பல் மருத்துவரிடம் உதவியாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் தேனீ. அலமாரியிடம், "நல்லாத் திறங்க, வலிக்காது" என்றார், பழக்கதோஷத்தில்.

அடைகளை வெட்டி, மரச் சட்டங்களில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். ராணித் தேனீ கண்ணில் பட்டதும் பேச்சை நிறுத்தினார். அதை மெதுவாகப் பிடித்து, தீப்பெட்டி அளவு கம்பிவலைக் கூண்டில் அடைத்து, கொண்டுவந்திருந்த மரப்பெட்டிக்குள் சட்டங்களோடு தொங்கவிட்டார். மற்றவையெல்லாம் பின்னாலேயே போயின. எந்த ஊர்வலத்திலும் இத்தனை ஒழுங்கை நான் பார்த்ததில்லை. பெட்டி இப்போது பால்கனியில்.

"மூணு நாள்ல அடங்கிடும். அப்புறம் கூண்டைத் திறந்து விட்டுடுங்க, சார். அவ போனா மொத்தமும் போச்சு."

பிப்ரவரி 12
இன்று திறக்க வேண்டும். நாளை.

பிப்ரவரி 15
அந்தப் பெண் போனில் கேட்டார். திறந்துவிட்டேன் என்றேன். பொய் நன்றாகவே வருகிறது.

கூண்டில் என்ன குறை? வலை வழியாக மற்றவை ஊட்டுகின்றன. மழை இல்லை, குருவி இல்லை. வெளியே விட்டால் — போயிட்டு வரேன்னுதான் அவளும் சொன்னா. சரின்னுதானே விட்டேன். என்ன பெரிசா —

வேண்டாம்.

பிப்ரவரி 18
சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன்.

பிப்ரவரி 23
அந்தப் பெண் சொல்லாமல் வந்துவிட்டார். பெட்டியைத் திறந்தார், கூண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பல் தேய்த்தேன் என்று பொய் சொல்பவர்களை இப்படித்தான் பார்ப்பார் போல. கூட்டம் பாதியாகிவிட்டதாம்.

"அடைஞ்சு கிடந்தா எங்க சார் முட்டை வைப்பா? இருக்கறதெல்லாம் கிழடு. நீங்க முதியோர் இல்லம் நடத்திட்டிருக்கீங்க."

"பறந்து போயிட்டா?"

"போகலாம். அதுக்கு நான் பொறுப்பில்ல."

என்னையே திறக்கச் சொன்னார். திறந்தும் ராணி வெளியே வரவில்லை. பிறகு நிதானமாக நடந்து அடைகளுக்கு நடுவே மறைந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தேனீயின் கழுத்து அந்த அளவுக்குத் திரும்பாது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 24
பால்கனியில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 25
அதே.

மார்ச் 2
அந்தப் பெண் மறுபடி வந்து, ஒரு சட்டத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அடையின் அறைகளுக்கு அடியில், நூலைக் கத்தரித்துப் போட்டது போல வெள்ளை வெள்ளையாக முட்டைகள். "இருக்கா, சார். அவ வேலையைப் பாக்கறா." எனக்கு ராணி தென்படவில்லை. முட்டை இருந்தால் போதுமாம், ஆளைப் பார்க்க வேண்டியதில்லையாம்.

மார்ச் 5
அலமாரியை ஒழிக்க மைத்துனியை வரச் சொன்னேன். மெழுகு பிடித்த புடவைகளைத் தனியே குவித்தாள். நீலத்தில் ஒன்று தப்பித்திருந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்றாள். அந்த நிறம் அவளுக்கு எடுக்காது என்றேன்.

"உங்களைக் கேட்டா உடுத்தணும்?" என்று சொல்லி, அதையே கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பால்கனியிலிருந்து பார்த்தேன். எடுக்கவில்லைதான். ஆனால் பின்னாலிருந்து பார்க்கும்போது நடை மட்டும் அப்படியே. அவள் தெருமுனை திரும்புவதற்குள் மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.