பக்கத்திலேயே ஒரு குரு

மே 11, ஞாயிறு

படுத்த பிறகும் அந்த அம்மாள் கண்ணை விட்டுப் போகவில்லை. எழுந்து எழுதுகிறேன்.

கோளரங்கத்தில் இன்று மதியக் காட்சி. பாதிப் பேர் ஏசிக்காக வந்தவர்கள். தொலைதூர நட்சத்திரம் ஒன்றைக் காட்டினேன். அதை ஒட்டியே நம் வியாழனைப் போன்ற பெரிய கிரகம் ஒன்று சுற்றுகிறது, மூன்றே நாளில் அதற்கு ஒரு வருஷம் முடிந்துவிடும், அந்தச் சூட்டில் அதன் காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து போகிறது, ஆனாலும் அது விலகிப் போகாது என்றேன். பட்டினப்பாக்கத்திலிருந்து மகளோடு வந்திருந்த ஓர் அம்மாள் கையைத் தூக்கினார்.

“வியாழன்னா குருதானே சார்? அங்க குரு பக்கத்துலயே கீறாரே, பொண்ணுங்களுக்குக் கல்யாணம் சட்டுனு முடிஞ்சிருமா?”

அரங்கமே சிரித்தது. ஜோசியம் வேறு, வானியல் வேறு என்று இதற்கென்றே ஒரு பதில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் மகள் தலையைக் குனிந்ததைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

“அங்க மனுஷங்களே இல்லம்மா” என்றேன். அதற்கும் சிரித்தார்கள், தடியர்கள்.

காட்சி முடிந்ததும் மகள் மட்டும் என்னிடம் வந்தாள்.

“மூணு நாள் ஒரு வருஷம்னா, அங்க எனக்கு இன்னா வயசு சார்? இங்க முப்பத்தி நாலு.”

“நாலாயிரத்தைத் தாண்டிடும்மா.”

விழுந்து விழுந்து சிரித்தாள். “எங்கம்மாவாண்ட சொல்லிடாத சார். இப்பவே தூங்க மாட்டேங்குது.”

வெளியே கொளுத்தும் வெயில். நிழலுக்குக்கூட ஒதுங்காமல், மகள் வரும் வாசலையே பார்த்தபடி நின்றிருந்தார் அந்த அம்மாள். மகளுக்காக வாங்கிய குச்சி ஐஸ் உருகி, முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.