ஐந்தாவது குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே குளிர்கிடங்கில் நாங்கள் நான்கு பெண்கள். வேலை முடிந்ததும் இந்நாட்டு மொழியில் ஆளுக்கொரு எண் சொல்லி வெளியே வருவோம். கடைசி எண் என்னுடையது, கதவைப் பூட்டுவதும் நான்தான். நேற்று என் எண்ணைச் சொன்னதும் உள்ளேயிருந்து "அஞ்சு" என்று கேட்டது. நம் தமிழில்!

"குளிர்ல உன் காது விறைச்சுப் போச்சுடி, பூட்டு!" என்று இந்நாட்டு மொழியில் சொல்லிச் சிரித்தாள் முதல் எண்காரி. மற்றவர்களுக்கும் கேட்கவில்லையாம். ஆள் இருந்தால் விடிவதற்குள் உறைந்துபோகுமே என்று வரிசை வரிசையாகத் தேடினேன். யாருமில்லை. பூட்டினேன்.

அடுத்த பார்சலில் தைலம் வையுங்கள். போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். தமிழ் பேச இங்கே ஆளில்லை.

எதுவும் கேட்கவில்லை என்ற மூவரும் இன்று எண் சொல்லாமலே வெளியே ஓடிவந்தார்கள். நான் மட்டும் தமிழிலேயே "நாலு" என்று சொல்லிவிட்டு, பூட்டாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

எங்களை ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்