மூன்றாவது சொல்லும் சாம்பல் குதிரையும்

என் அன்பு அண்ணைக்கு,

எதையும் இலக்கமிட்டுத்தான் எனக்கு எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் குறிப்பேட்டிலுள்ள பழைய ஆங்கிலக் குதிரையேற்றச் சொற்களில் மூன்று:

1. கன்ரர்: குதிரையின் மெல்லோட்டம். கன்ரபரி தேவாலயத்துக்கு யாத்திரை போனவர்களின் குதிரைகள் அப்படி ஓடியதால் வந்த பெயர்.
2. நியர் சைட்: குதிரையின் இடப்பக்கம். வீரனின் வாள் இடப்புறம் தொங்கியது. அது தடுக்காமலிருக்க அந்தப் பக்கமாகவே ஏறினார்கள் என்பார்கள்.
3. லெக் அப்: ஏறுபவரின் காலைத் தாங்கித் தூக்கிவிடுதல். வழக்கம் ஒழிந்து, 'உதவி' என்ற பொருளில் பேச்சில் மட்டும் மிஞ்சியது.

முதலாவதைக் கேட்டதும், "எங்கட மடு மாதா கோயில் யாத்திரை மாதிரியெண்டு சொல்லு" என்று சிரித்தீர்கள். ஆனால் குறிப்பேட்டை அச்சுக்குக் கொடுக்கட்டுமா என்றபோது விட்டீர்களா? "குதிரையைத் தொடாதவன் குதிரைக்கு அகராதி எழுதுறான்! ஒருக்கா ஏறிப்போட்டு வா தம்பி, பேந்து அச்சடிப்பம்."

லாசால் நகரில் உங்கள் வீட்டுச் சமையலறையே சிரித்தது. நீங்கள் சொன்னது சரிதானே என்று குறிப்பேட்டை மூடிவைத்தேன். நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகியும் திறக்கவில்லை.

அண்ணை, போன சனிக்கிழமை ஏறிவிட்டேன்!

உங்கள் மகள் ரெஜினாதான் ரொக்ஸ்பரோ தாண்டி ஒரு குதிரை லாயத்துக்குக் கூட்டிப்போனாள். சாம்பல் நிறக் குதிரை. அதன் முதுகு என் கண் உயரம்.

"சித்தப்பா, பயமெண்டால் விடுங்கோ. பக்கத்தில நிண்டு படம் எடுப்பம். அப்பாவுக்குத் தெரியவா போகுது?"

"கொப்பருக்குத் தெரியும், பிள்ளை."

இடப்பக்கம் போய் நின்றேன். அது மட்டும் எனக்குத் தெரியும். ஏறுவதற்கு வைக்கும் படிப்பலகை சுவரோரமாகப் பனியில் உறைந்து நிலத்தை விட்டு வரவில்லை. என் எழுபத்தாறு வயதுக் கால் அங்கவடிவரை உயரவுமில்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். லாயக்காரப் பெண் "பொன்ஜூர், மெஸ்யூ" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் குனிந்து, என் இடது முழங்காலை இரண்டு கைகளாலும் தாங்கி, மூன்று எண்ணி, ஒரே தூக்கு! சேணத்தில் இருந்தேன்.

இரண்டு சுற்று வந்தோம். கன்ரர் இல்லை, வெறும் நடைதான். ஆனாலும் சத்தமாகச் சிரித்தேன். நானா அது?

உங்கள் கேலி இல்லாவிட்டால் அந்த லாயத்தின் வாசலுக்காவது போயிருப்பேனா?

குறிப்பேட்டை இந்த வாரமே அச்சுக்குக் கொடுப்பேன். முதல் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கும். அதற்கு முன் ஒரு திருத்தம். மேலே மூன்றாவதாக எழுதியது பிழை, அண்ணை. அந்த வழக்கம் ஒழியவில்லை.

குதிரையைத் தொட்டுவிட்ட,
உங்கள் தம்பி