சலவைச் சீட்டு

மார்ச் 4

அவர் போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். போன வாரம்தான் சலவைக்கூடத்துக்குத் திரும்பினேன். என் மடிப்பு மேசைக்கு எதிரே அவருடைய இஸ்திரி மேசை, காலியாக. துணியோடு ஆங்கிலச் சீட்டு வந்தால் இஸ்திரி போட்டபடியே மெதுவாகப் படித்துச் சொல்வார். பதினோரு வருஷம். யாருக்கும் தெரியாது. எனக்கு இங்கிலீஷில் எழுத்து மட்டும் தெரியும், அர்த்தம் தெரியாது.

இன்று சட்டைக் கட்டோடு ஒரு சீட்டு. முதல் சொல் ‘பட்டன்’. அட, இது தெரிந்த சொல்லாயிற்றே! பட்டன் இல்லையென்று புகார் போல — பன்னிரண்டு சட்டையிலும் தேடினேன். எல்லாம் இருந்தது. அப்படியே மடித்து அனுப்பினேன். திரும்பி வந்தது. பட்டனைப் பூட்டி மடிக்க வேண்டுமாம்.

சூப்பர்வைசர் அம்மா திட்டவில்லை. “வீட்டுக்காரர் போன துக்கம். புரியுதும்மா.”

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 5

மகளிடம் கேட்டேன், ‘பட்டன்’ என்பது ஒரு பொருளின் பெயரா, செய்கிற வேலையா என்று.

“ரெண்டும்தாம்மா. வாட்டர்னா தண்ணி. செடிக்குத் தண்ணி ஊத்தறதும் வாட்டர்தான்.”

“ஒரே ஆளுக்கு ரெண்டு உத்தியோகமா? என் பொழப்ப விட மோசமா இருக்கே!”

“முன்னாடி ‘எ’, ‘தி’ன்னு ஒரு வால் இருந்தா பொருள். சீட்டுல மொட்டையா முதல்ல நின்னா வேலை.”

“முன்னாடி வாலா? என்ன பிராணிடி அது?”

சிரித்துவிட்டாள். பிறகு, “எப்பவும் இல்லம்மா, பெரும்பாலும்” என்றாள். அந்தப் ‘பெரும்பாலும்’ போக மிச்சத்தை யார் படித்துச் சொல்வார்?

மார்ச் 7

வாஷ், அயர்ன், ஸ்டெயின், டேக். உள்ளங்கையில் எழுதிப் போனேன். வியர்வையில் கரைந்துவிட்டது.

மார்ச் 10

இன்னொரு கட்டும் தப்பு. “ஒரு மாசம் வீட்ல இருங்க, மனசு தேறட்டும். நான் வேற ஆள் பாத்துக்கறேன்” என்கிறார்கள் சூப்பர்வைசர் அம்மா.

வேற ஆளா? அப்புறம் எனக்கு மேசை ஏது? வாயத் தொறக்காம நின்னேனே — செத்த மனுஷன் தலையில பழியப் போட்டுட்டு. ஒரு நாளாவது என்னைக் காட்டிக் கொடுத்திருப்பாரா அவர்?

மார்ச் 11

சொல்லிவிட்டேன். “துக்கம் இருக்குங்க. ஆனா தப்பு அதனால இல்ல. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அவர்தான் படிச்சுச் சொன்னார்.”

அந்தம்மா உட்கார்ந்துவிட்டார்கள். “பதினோரு வருஷமாவா? நீங்க ரெண்டு பேரும் வேலை நேரத்துல கொஞ்சிக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்!”

நாளை பக்கத்தில் நின்று பார்ப்பார்களாம். அப்புறம்தான் முடிவு.

மார்ச் 12

ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படித்துவிட்டு மடிக்கச் சொன்னார்கள். கூடமே கேட்டது. இருபத்திரண்டு சீட்டு, மூன்று தப்பு.

நாளைக்கும் வரச் சொன்னார்கள்.